தெருவை உயர்த்தாதீர்கள்!

மைக்செட் வைத்துப் பிழைக்கிறவனுடைய காது, ஊரில் இருக்கிற எல்லாக் கட்சிக்கும் பொதுச்சொத்து. தேர்தல் ஆண்டில் ஜன்னலைச் சாத்தி, டிவியை அணைத்து, தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்ட அன்பர்களே, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீங்களாவது ஜன்னலைச் சாத்தினீர்கள். நான் ஒலிபெருக்கிக் குழலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன், அதுவும் சத்தம் போதவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டு.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் என் வீடு. எனக்கு மைக்செட், என் மனைவி தனத்துக்குத் தறி. குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்கிற தறி. தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்கு ரோடு வரும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். தேர்தலுக்குத் தேர்தல் தெரு வளர்ந்து, ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது படி இறங்கிப் போகிறோம். போன மழையில் தெருத்தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குள் இறங்கி, தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூல் நனைந்து, சாயம் கலங்கி, ஒரு முகூர்த்தப் புடவை பாழாய்ப் போனது. இன்னொரு அடுக்கு விழுந்தால் தறியைப் பிரித்துப் பரணில் போட வேண்டியதுதான்.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. கூடவே தெருமுனையில் ஒரு லோடு ஜல்லியும் வந்து விழுந்தது. தேர்தல் தேதி அறிவித்த பிறகு புது வேலை தொடங்கக் கூடாது, அதனால் முன்பே தொடங்கிவிட்டதாகக் காட்ட வேண்டுமாம்.

பென் டிரைவ் மாறிய கதை

காலையில் கூரம் பக்கம் ஒரு கட்சிக்குப் பிரசாரம், மாலையில் திருப்பருத்திக்குன்றத்தில் அதன் எதிர்க்கட்சிக்கு. தொழில் என்று வந்துவிட்டால் எங்களுக்குக் கூட்டணி தர்மம் கிடையாது. இரண்டு கட்சிப் பாட்டும் இரண்டு கறுப்பு பென் டிரைவில் இருந்தன. மாலை ஊர்வலத்தில் காலைக் கட்சியின் பென் டிரைவைச் செருகிவிட்டேன். "ஜனநாயகம் காப்போம், விலைவாசி குறைப்போம், நெசவாளர் கண்ணீர் துடைப்போம்" என்று பாட்டு அமர்க்களமாகப் போனது. வட்டச் செயலாளர் துண்டைச் சுழற்றிக்கொண்டு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணத்தில் காலைக் கட்சித் தலைவர் பெயர் வந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து பிடுங்கினேன். இன்றோடு நம் பிழைப்பு முடிந்தது என்று கைகட்டி நின்றேன். வட்டச் செயலாளர் மூச்சு வாங்க அருகில் வந்து, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேரு வர்ற வரிக்கும் எனக்கே தெரிலபா. நம்ம பாட்ட வுட இது நல்லா இருக்குது."

தறியில் உட்கார்ந்த வேட்பாளர்

காஞ்சிபுரத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் தறியில் உட்கார்ந்து போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்று யாரோ வேட்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டீக்கடையில் டீ ஆற்றுவது, வயலில் நாற்று நடுவது மாதிரி இதுவும் ஒரு சடங்கு. டீ கொட்டினால் துடைத்துவிடலாம். பட்டுப் பாவு அப்படி இல்லை. இந்த முறை தேர்ந்தெடுத்தது எங்கள் வீட்டை.

வாசல் பள்ளத்தில் இருப்பது தெரியாமல் வேட்பாளர் உள்ளே தடுக்கி விழப் பார்த்தார். தாங்கிப் பிடித்துத் தறியில் உட்கார வைத்தோம். மாற்றி மாற்றி மிதிக்க வேண்டிய மிதிகள் இரண்டையும் ஒன்றாக அமுக்கினார். குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை இழுத்தார். படபடவென்று இழைகள் அறுந்தன. போட்டோக்காரர் "இன்னொரு தடவ சார், சிரிச்ச மாதிரி" என்றார். தனம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அறுந்த இழைகளை முடிந்து எடுக்க அந்த நாள் பூராவும் போய்விடும். வேட்பாளர் கும்பிட்டு, "மறக்காம ஓட்டு போடுங்கம்மா" என்றார். தனமும் கும்பிட்டாள்: "எந்திரிங்க சார், போட்டுடறேன்."

எல்லைப் பிரச்சினை

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இந்தத் தேர்தலில் ஒரு பக்கம், நாடு வல்லரசாகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். மறு பக்கம், நாடே பறிபோகிறது என்றார்கள். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் கேட்டவன் நான். நாடு முக்கியம்தான். டெல்லியில் யார் உட்காருகிறார்கள் என்பது பட்டு நூல் விலையில் தெரியும், ஜரிகை வரியில் தெரியும். அதையும் பேசட்டும். ஆனால் நாடு என்று சொல்லும்போது எங்கள் தெருவையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா? மேடையில் எல்லோரும் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள், எதிரே நிற்கிற ஆளைப் பார்ப்பதில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

தெருமுனைக் கூட்டத்தில் சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் எல்லைப் பாதுகாப்பைப் பற்றி முழங்கினார். எதிர்வீட்டு வேதாசலம், நெய்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் டிவி விவாதம் பார்க்கிற மனிதர், கையைத் தூக்கி ரோட்டு விஷயத்தைக் கேட்டார். "அது எம்.பி. வேலையில் வராதுங்க" என்று பேச்சாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேதாசலம் சிரிக்கவில்லை. "எல்லைய தாண்டி எவனும் வரலேன்றீங்க, சந்தோசம். என் வூட்டு வாசப்படிய தாண்டிக்கினு தண்ணி வருதே, அத்த எந்த மந்திரிபா பாப்பாரு?"

அமாவாசையில் வந்த ரோடு ரோலர்

ஒரு நாள் காலையில் தாரும் ரோலருமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அன்று அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. மேஸ்திரி வெளியூர்க்காரர். தறிச்சத்தம் இல்லாத தெரு ஆள் இல்லாத தெரு என்று கணக்குப் போட்டுவிட்டார். மற்ற நாளில் வந்திருந்தால் பாவில் கை வைத்திருக்கிறவர்கள் எழுந்து வருவதற்குள் பாதித் தெருவை முடித்திருப்பார். அமாவாசையன்றோ அத்தனை பேரும் வீட்டில், கையும் காலும் சும்மா.

முதலில் தனம் பாயை எடுத்துக்கொண்டு போய் நடுரோட்டில் விரித்து உட்கார்ந்தாள். வேதாசலம் நாற்காலியோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் கல்யாண வீட்டுப் பந்திபோலத் தெரு நிறைந்துவிட்டது. "பழசைச் சுரண்டு, அப்புறம் போடு" என்பது ஒன்றுதான் பேச்சு. மேஸ்திரி காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. ரோலர் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி தலையில் கை வைத்தார்: "சத்தமே இல்லாத தெருன்னு பாத்து எறங்கினேன்மா. மொத்த ஜனமும் ரோட்லயே குந்திக்கினு இருக்குதே!"

கை மாறிய மைக்

அமாவாசையில் நெசவாளர் வீட்டில் இருப்பார்கள் என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியாது, கட்சிகளுக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் தெருவின் இந்த முனையில் ஒரு வேட்பாளர் வேன், அந்த முனையில் எதிர் வேட்பாளர் வேன். இரண்டிலும் என் மைக்செட். இதில் நான், அதில் என் மச்சான். நடுவில் எங்கள் ஜனம். "தாய்மார்களே, கொஞ்சம் வழிவிடுங்கள்" என்றார் எங்கள் வேன் வேட்பாளர். இவர்தான் இழை அறுத்தவர். நான் தனத்தைப் பார்த்தேன். இந்த சீசன் வாடகை மொத்தமும் போகலாம், அடுத்த தேர்தலுக்கு யாரும் கூப்பிடாமலும் போகலாம். போகட்டும் என்று அவர் கையிலிருந்த மைக்கை, "ஒயர் லூசா இருக்குது சார்" என்று வாங்கி, கீழே இறங்கி தனத்திடம் கொடுத்தேன். வால்யூமை முழுக்கத் திருகினேன். மச்சான் அந்தப் பக்கம் மைக்கை அணைத்தான். எதிர் வேட்பாளர் வாயசைப்பது மட்டும் தெரிந்தது.

தனத்துக்கு மேடை பழக்கமில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நாட்ட எவ்ளோ வேணா உயர்த்துங்க சார். தெருவ உயர்த்தாதீங்க. சொரண்டிட்டுப் போடறவங்களுக்குத்தான் எங்க தெரு ஓட்டு." அவ்வளவுதான். ஐந்து வருஷம் பேச வேண்டியதை ஒரு மூச்சில் பேசிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை தலைவர்களுக்கு மைக் பிடித்திருக்கிறேன், ஒருவர் பேச்சுக்கும் இப்படி ஆனதில்லை.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! நான்தான் முதலில் பேசினேன் என்று காட்டிக்கொள்ள இரண்டு வேட்பாளரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். இருட்டுவதற்குள் என்ஜினியர் வந்துவிட்டார். "சுரண்டிவிட்டுத்தான் போடணும், விதியே அதான்" என்று அவரே மேஸ்திரியைக் கடிந்தார். மறுநாள் சுரண்டுகிற மெஷின் வந்தது. அடுக்கடுக்காகப் பழைய தேர்தல்கள் பெயர்ந்து லாரியில் ஏறின. தெரு கீழே இறங்கி, எங்கள் வாசல் மேலே வந்தது.

முதல் பெரிய மழைக்கு நான் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். தண்ணீர் வந்துவிட்டதோ என்று பதறிப்போய்ப் போன் செய்தேன். எடுத்து ஸ்பீக்கரில் போட்ட தனத்தின் குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம், அதோடு தறிச் சத்தம். "இன்னாங்க, வெளிய கொட்டிக்கினு இருக்குது. நான் குழியில கால வச்சி நெய்ஞ்சிக்கினு இருக்கறேன்!"

நாட்டை உயர்த்தியது நாங்கள்தான் என்று எல்லாக் கட்சியும் சொல்லிக்கொள்ளும். ஒன்றைத் தாழ்த்தியது நாங்கள்தான் என்று இரண்டு கட்சிகள் போட்டி போட்டு பேனர் வைத்தது எங்கள் தெருவில் மட்டும்தான்.