மாமாவின் பொறுப்பில்

காலையில் நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், மாமா வாசலோரக் கதிரையில் உட்கார்ந்து என் இளைய மகளின் வெள்ளைக் கவுனுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருப்பார். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பட்டன் நழுவும், மறுபடி பிடிப்பார். அவள் முகவாயைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள். கண்ணைப் பட்டனிலேயே வைத்துக்கொண்டு, வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருகிறாள், நேற்றுச் சண்டை போட்டவள் இன்று பேசுவாளா என்றெல்லாம் விசாரிப்பார். நான் போட்டால் நொடியில் முடிந்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கையை நீட்டினேன். "நீ போம்மா, பஸ்ஸு போயிரும். இது என் டியூட்டி" என்றார், தலையை நிமிர்த்தாமலே. அதற்குப் பிறகு நான் கையை நீட்டவில்லை.

மாமா என் கணவரின் தகப்பனார். கண்டிக்கும் கம்பளைக்கும் இடையே பஸ் ஓட்டியே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவர். பிள்ளைகள் எழும்புமுன் வீட்டை விட்டுப் போய், அவர்கள் தூங்கிய பிறகு திரும்பியவர். ஸ்டியரிங்கில் கை ஆடுவதை முதலில் கவனித்தவரும் அவரேதான். யாரும் சொல்வதற்கு முன்பே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மாமி இறந்தபின் கண்டிக்குப் பக்கத்திலே அம்பிட்டியவில் எங்களோடு தங்கினார். பார்க்கின்சன் நோய் என்றார் டொக்டர். குணமாகாது, மருந்தால் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம், போகப்போக உடம்பு இறுகும் என்றார். இவ்வளவையும் கேட்ட மாமா, வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது வேறு. கை ஓய்ந்திருக்கும்போதுதான் அதிகம் நடுங்கும், எதையாவது செய்யப் போனால் சற்று அடங்கும் என்றும் டொக்டர் சொல்லியிருக்கிறார். "சும்மா இருந்தாத்தான் ஆடுதாம். அப்ப வேலயக் குடுத்துட்டா போச்சி" என்றார் மாமா.

வேலை தானாகவே வந்து சேர்ந்தது. என் கணவர் கட்டாரில் வேலையில் இருந்தார். நான் பல்லேகலயில் ஒரு கார்மென்டில் தையல் மெஷினிலிருந்து உயர்ந்து, அப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா வெளிநாடு போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிடுவதென்று நான் மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் இருக்கேன்ல. நான் பாத்துக்கறேன்" என்றார். கம்பளையில் இருந்த என் நாத்தனார், அவருடைய ஒரே மகள், செய்தி கேட்டதும் போனில் கத்தினார். "அப்பாவப் பாக்குறதுக்கே ஒரு ஆளு வேணும். அவருகிட்டப் போயி ரெண்டு புள்ளைகள விடுறீங்களே, அண்ணி!"

நோயை மறந்து அவர் பிள்ளைகளைப் பார்த்தார் என்று சொன்னால் அது பொய். நோயை நன்றாகத் தெரிந்துகொண்டு பார்த்தார். மருந்துக் குளிசை போட்டுச் சிறிது நேரத்தில் உடம்பு இளகும். அந்த நல்ல நேரம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தோடு சேருகிற மாதிரி டொக்டரிடம் கேட்டு வேளைகளை மாற்றிக்கொண்டார். கத்தியையும் சுடுதண்ணீரையும் தொடுவதில்லை என்று தனக்குத் தானே சட்டம் போட்டார். காய்கறி நறுக்கிக் கறி வைத்துவிட்டுப் போவது என் வேலை. ரைஸ் குக்கரில் சோறு வைப்பதும், பிசைந்து பிள்ளைகள் தட்டில் போடுவதும் அவர் வேலை. சோறு கொஞ்சம் மேசையில் சிந்தும். "கோழிக்கும் பங்கு வேணுமில்ல" என்பார். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள். சில வேளை நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். அதையும் அவர் ஒளிக்கவில்லை. "பிரேக் புடிச்சிருச்சி, செத்த பொறுங்க" என்பார். பிள்ளைகளும் பயப்படாமல் பக்கத்தில் நிற்பார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவையின் நட்டநடுவில் பிரேக் பிடித்துவிட்டது. தூறல் வேறு. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்று ஹோர்ன் அடித்தன. அவசரப்படுத்த அவசரப்படுத்த அந்தக் கால் இன்னும் இறுகும் என்பது ஹோர்ன் அடித்தவர்களுக்குத் தெரியாது. மூத்தவள் குடையை மடக்கி உயர்த்திப் பிடித்து வாகனங்களை மறித்து நின்றாள். இளையவள் குனிந்து பார்த்துவிட்டு, தன் சப்பாத்துக் காலை அவர் காலுக்குக் குறுக்கே வைத்தாள். "தாத்தா, என் சப்பாத்த மிதிச்சிறாம தாண்டுங்க." அவர் தாண்டினார். அவள் மறுபடி வைத்தாள், அவர் மறுபடி தாண்டினார். அப்படியே மூவரும் கரை சேர்ந்தார்கள். குறுக்கே எதையாவது வைத்தால் உறைந்த கால் அசையும் என்று வைத்தியர்களுக்குத் தெரியுமாம். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்நேரமும் கோடு தாண்டிப் பாண்டி விளையாடும் பிள்ளை, அவ்வளவுதான்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மாமாவே எல்லாவற்றையும் சொன்னார். அதற்குள், கடவையில் நின்ற வாகனம் ஒன்றிலிருந்த தெரிந்தவர் யாரோ கம்பளையில் நாத்தனாருக்கும் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து இறங்கினார். பிள்ளைகளின் உடுப்பை எடுத்துப் போகப் பெரிய பேக்கும் கொண்டுவந்திருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது? புள்ளைங்க என் வீட்லயே இருக்கட்டும். அங்கயே பள்ளிக்கூடமும் இருக்கு."

 அந்த நோயில் குரலும் தேய்ந்துவிடும். மாமா பேசத் தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் கிட்டப் போய்த்தான் கேட்டோம்.

"நீ சொல்றது சரிதான். இனி நான் தனியா ரோட்டக் கடக்க மாட்டேன். முக்குல த்ரீவீல் ஓட்டுற தம்பிகிட்ட நாளைக்கே கேக்கறேன், கடக்குறப்ப கையப் புடிச்சுக்கன்னு. கேக்க வெக்கமாத்தான் இருந்திச்சி. இனி வெக்கம் இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ சின்னதா இருந்தப்ப உன்ன நான் ஒருநாளும் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிட்டு வந்ததில்ல. உனக்கு ஒருவாய் ஊட்டுனதில்ல. ஊருல உள்ள அம்புட்டுப் புள்ளைகளையும் எறக்கி விட்டேன், உன்னத்தான் விட்டுட்டேன். இப்பதான் எனக்கு அது கெடச்சிருக்கு. அதத் தூக்கிக்கிட்டுப் போயிறாதம்மா."

நாத்தனார் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அங்கே குழாயைத் திறந்துவிட்டு அழுதது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அன்று அவர் ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தகப்பனாரோடு போனார். த்ரீவீல்காரர் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக அவரை வீதி கடக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, நாத்தனார் தரையில் முட்டிபோட்டு, ஒவ்வொரு கதவு நிலைக்கும் அடியில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். "தாண்டுறதுக்கு ஒரு கோடு இருந்தா கால் வருதில்ல, அண்ணி" என்றார். கொண்டுவந்த பேக்கை வெறுமையாகவே எடுத்துப் போனார். பிறகு மாதம் தவறாமல் வந்து டேப்பைப் புதுப்பித்தார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. என் வேலை என் கையில் நிலைத்தது. மூத்தவள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். மாமா இப்போது படியிறங்கித் தெருவுக்குப் போவதில்லை. நடப்பது சுவர் பிடித்துத்தான். ஆனாலும் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு முகம் கழுவி, துவைத்த சட்டை மாற்றி, அவர்களுக்காக விழித்திருப்பார். அன்றன்று நடந்ததை முழுதாகச் சொல்லாமல் அவரைத் தாண்டி யாரும் அறைக்குப் போக முடியாது. எனக்குத் தெரியாத அவர்களுடைய பயங்களும் சிநேகங்களும் அவருக்குத் தெரியும். பரீட்சையில் கோட்டைவிட்ட செய்திகூட முதலில் அவரிடம்தான் போகும்.

போன மாதம் கிளினிக்குக்கு இளையவளும் எங்களோடு வந்தாள். தாத்தாவை விட உயரமாகிவிட்டாள். புதிதாக வந்திருந்த டொக்டர், கோப்பில் எழுதிக்கொண்டே, "வீட்ல இவர யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அவருதான் எங்களப் பாத்துக்கிறாரு, டொக்டர்."

எழுதிய கை நின்றது. டொக்டர் முதல் தடவையாக நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமாவும் கதிரையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வளைந்த முதுகை மெல்ல மெல்ல நிமிர்த்தி, அவரை நேராகப் பார்த்தார்.