சுவரில் ஒட்டிய மூன்று கேள்விகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் சின்ன வாசிகசாலை இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே இரண்டு வகுப்பு எடுத்தேன். காலையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், பின்னேரம் பென்ஷன்காரர். கைக்கு வரும் செய்தியை நம்பலாமா என்று பார்க்கப் பழக்குவதுதான் பாடம். கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போனால் யன்னல் எல்லாம் அதிரும். பாதி வசனத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். பொறுமை இல்லாத எனக்கு அப்போது எரிச்சலாக வரும். இப்போது அந்தக் காத்திருப்புக்கே ஆசையாக இருக்கிறது.

பிரிஸ்டல் போர்ட்டில் மூன்று கேள்விகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியின் வெள்ளத்தில் முதலை நீந்துகிற படம் ஒன்று ஊரெல்லாம் சுற்றியபோது, பிள்ளைகள் அதை ஐந்து நிமிடத்தில் தூக்கி எறிந்தார்கள். கடைப் பலகைகளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, பிறகு எப்படிக் காலி வீதி என்று கேட்டாள் ஒருத்தி. இன்னொரு நாள் அவளே, "மிஸ், நீங்க சொல்லுறது சரியோ எண்டு நாங்க எங்க பாக்கிறது?" என்றாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குப் பிடிபடாத சந்தோஷம்.

என் உயிரை வாங்கியவர்கள் பெரியவர்கள்தான். எதைக் கேட்டாலும், "ஆரோ அனுப்பினது, நானும் அனுப்பினனான்" என்பார்கள்.

அவர்களில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அன்ரி ஒருவர் இருந்தார். ஒரு சனிக்கிழமை அழுத கண்ணோடு வந்து போனை நீட்டினார். கொட்டாஞ்சேனையில் இருந்த அவருடைய பழைய சிநேகிதியின் மரண அறிவித்தல். அடுத்த நாள் கிரியை.

"போக எனக்கு முகம் இல்லை. இதுக்குக் கீழ அனுதாபம் எழுதுவினம் எல்லோ, அது எப்பிடி எண்டு மட்டும் காட்டித் தாங்கோ. 'என்னை மன்னிச்சுக்கொள்' எண்டு ஒரு வரி எழுதவேணும்."

கதை பிறகு வந்தது. சிநேகிதியின் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை குடிகாரன் என்று எங்கேயோ கேட்டதை அன்ரி போய்ச் சொல்லியிருக்கிறார். கலியாணம் நின்றுபோனது. குடித்தவன் அந்தப் பெடியனின் தமையன் என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

நான் அறிவித்தலை வாங்கிப் பார்த்தேன். படம் இல்லை. எங்கள் ஆட்கள் இதை வாசிக்கிற விதமே தனி. பெயரையும் இடத்தையும் பார்த்தவுடன் கண் நேரே உடல் எந்த மலர்ச்சாலையில், கிரியை எத்தனை மணிக்கு என்பதற்குப் பாய்ந்துவிடும். நடுவில் இருப்பதை ஒருவரும் படிப்பதில்லை. வேலணையைப் பிறப்பிடமாகவும் கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று இருந்தது.

"அன்ரி, உங்கட சிநேகிதி பிறந்தது வேலணையிலயோ?"

"இல்லை. அவள் கொட்டாஞ்சேனையிலயே பிறந்து வளந்தவள்."

"பிள்ளைகள் எத்தனை பேர்?"

"ஒரே மகள்தான்."

அறிவித்தலில் நான்கு ஆண்பிள்ளைகள். அதே பெயரில் வேறு யாரோ. அன்ரி கதிரையில் இருந்துவிட்டார். சிநேகிதி வீட்டுக்குப் போன் எடுத்துப் பாருங்கள் என்றேன். நம்பர் அவருக்கு மனப்பாடம், ஆனால் கை போகவில்லை.

"செத்தவளுக்கு எழுதுறது லேசு, மிஸ். உயிரோட இருந்தா நான் என்னத்தைக் கதைக்கிறது?"

அந்தக் கேள்விக்கு என் போர்ட்டில் இடம் இருக்கவில்லை. கடைசியில் அவரே நம்பரை அழுத்தினார். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். "நான்தான்" என்றார் அன்ரி. அந்த நேரம் பார்த்துக் கோச்சி வந்தது. வழக்கம்போல எல்லோரும் காத்திருந்தோம். சத்தம் அடங்கியபோது போனில் ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"இன்னும் அந்தக் கோச்சிக்குப் பக்கத்திலதானோ கிடக்கிறாய்? நாளைக்கு வா, கதைப்பம்."

அடுத்த நாள் அன்ரி போனார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். என் வகுப்புக்கு வருவதைக் குறைத்துக்கொண்டதற்கு நான் கோபித்துக்கொள்ளவே இல்லை. வாசிகசாலையைப் பிறகு மூடினோம். அந்தப் போர்ட்டைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்று வருடம் கழித்து அன்ரியிடமிருந்து ஒரு மரண அறிவித்தல் வந்தது, அதே சிநேகிதியின் பெயரில். கீழே எழுதியிருந்தார்: "பிறப்பிடம் பாத்தன், மிஸ். பிள்ளையும் ஒண்டுதான். மகளோடயும் கதைச்சனான். எல்லாம் சரியாத்தான் இருக்கு. அனுதாபம் எழுதேல்லை. சொல்லவேண்டியதை அவளிட்ட நேரில சொல்லிப்போட்டன்."

எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று அந்த அறிவித்தலை இரண்டு தரம் வரி வரியாகத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.