படத்துக்கு அடியில் போன ஊர்

நெளுக்குளத்தின் கடைசிக் கடையும் பின்னால் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சட்டைக்குள் மடித்து வைத்த வரைபடம் வியர்வையில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அலுவலகத்துக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்து நடக்கவில்லை. கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். வேலையை விட்டால் அலுவலகக் கடிதமும் போய்விடும். கடிதம் இல்லாதவனைச் சோதனைச் சாவடியில் யாருக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு முன் நாயாற்றுக் கடலில் கரைவலை இழுத்தேன். அக்கராயனில் நெல் அரிவு வெட்டினேன். சண்டை துரத்திய பக்கமெல்லாம் போய், கடைசியில் வவுனியாவில் ஓர் உதவி நிறுவனத்தில் ஜெனரேற்றர் இயக்க நின்றேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனாலும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அப்படியே தட்டுவேன். அது போதுமென்று என்னை வரைபடம் போடும் கணினியில் உட்கார வைத்தார்கள்.

அந்தக் கணினியில் எதையும் கையால் இழுத்து வைக்க முடியாது. வரி வரியாகக் கட்டளை எழுத வேண்டும். ஒரு வரிக்குத் தெரு விழும், ஒரு வரிக்குக் குளம், ஒரு வரிக்கு வீடுகளைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள். விமானத்திலிருந்து எடுத்த பழைய நிழற்படத்தை வைக்கவும் ஒரு வரிதான்: இடது கீழ்மூலை எங்கே நிற்க வேண்டும், அகலம் எவ்வளவு. மூலை பிசகினால் குளம் தெருவில் ஏறி நிற்கும். வரிகளின் ஒழுங்கும் பிசகக் கூடாது. பிந்தி விழுவது முந்தி விழுந்ததை மூடிவிடும். முற்றத்தை மெழுகிவிட்டுத்தான் கோலம் என்று நினைவில் வைத்திருந்தேன். படம் முதலில், புள்ளி பிறகு.

நான் நடந்துபோன ஊர் அந்தப் படத்தில் இல்லை. கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய இடம் அது. படம் அவர்கள் வருவதற்கு முன்பு எடுத்தது. அவர்களுடைய கிணறு வற்றிக் குட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள். குழாய்க்கிணறு துளைக்கும் இயந்திரம் மழைக்கு முன் ஒரே ஓர் ஊருக்குத்தான் வரும். எந்த ஊர் என்பதைக் கொழும்பில் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

அந்த ஊர்ப் பெண் ஒருவர் கிணறு எப்போது வருமென்று கேட்டுப் போக வருவார். போன கோடையில் வயிற்றோட்டத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். மிஞ்சிய பிள்ளைக்கும் அதே நோய். ஒருநாள் அவரைத் திரைக்கு முன் கூப்பிட்டேன்.

"எங்க ஊரு எங்கங்க தம்பி?"

காட்டினேன்.

"என்னாங்க இது, எங்க தலை மேலயே காட்டை வச்சிருக்கீங்க? நாங்க வெட்டுன மரமெல்லாம் ஒங்க பொட்டிக்குள்ள திரும்ப மொளைச்சிருச்சா?"

"அது பழைய படம் அக்கா. சிவப்புப் புள்ளியைப் பாருங்கோ. அதுதான் உங்கட வீடுகள்."

"புள்ளிக்குத் தண்ணி குடுப்பாங்களா?"

"ஓம். புள்ளியைப் பாத்துத்தான் குடுப்பினம்."

அவர் ஒரு புள்ளியில் விரலை வைத்து, "அப்ப இது என் வீடு" என்றார்.

வரைபடம் கொழும்புக்குப் போகவேண்டிய அன்று மேலாளர் என் பின்னால் வந்து நின்றார்.

"உந்தப் புள்ளியள் ஏன் காட்டுக்குள்ள நிக்குது?"

"அங்க சனம் இருக்குது ஐயா."

"காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கோ? அரசாங்கப் பேர்மிற் இருக்கோ? நாளைக்குக் காட்டுக்குள்ள ஏன் கிணறு எண்டு என்னைத்தான் கேப்பாங்கள். புள்ளியை முதல்ல போடும். படம் அதுக்கு மேல வரட்டும்."

"மறைஞ்சு போகும் ஐயா."

"நான் ஒண்டையும் அழிக்கச் சொல்லேல்லையே. கீழ இருக்கும்."

நான் தட்டவில்லை. அவரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புள்ளிகளின் வரியை வெட்டிப் படத்தின் வரிக்கு முன்னால் ஒட்டினார். மற்ற ஊர்களின் கூரைகள் படத்திலேயே தெரிந்தன. இந்த ஊர் மட்டும் காடானது.

பதில் வந்த அன்றுதான் நடந்தேன். இயந்திரம் வேறோர் ஊருக்குப் போகிறது.

போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி வரைபடத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார்.

"என் புள்ளி எங்க தம்பி?"

"படத்துக்குக் கீழ இருக்குது அக்கா."

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் வெள்ளை.

"கீழயும் இல்லியே" என்றார்.

குடிசைக்குள் பிள்ளை முனகியது. அவருடைய கணவர் கால் கழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் மண்ணோடு வந்து உட்கார்ந்தார்.

"தொரைக்கு வேலை போயிருச்சாக்கும்?"

"ஓம், விட்டிட்டன்."

"அப்ப நம்ம கம்பெனிக்கு வாங்க. பழைய கெணத்தை ஆழமாக்குறோம். உள்ள எறங்குனவன் ஓடிட்டான். சோறு உண்டு, சம்பளம் கெடையாது."

மறுநாள் விடிந்ததும் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். இரும்பு அலவாங்கால் குத்துவதும் உடைந்ததை வாளியில் நிரப்பி மேலே அனுப்புவதும் வேலை. அடியில் பாறை. குத்திய இடத்திலெல்லாம் வெள்ளைப் பொடி பறந்தது. "ஈரம் தெரியுதாங்க தம்பி?" என்று அந்தப் பெண் மேலிருந்து ஒவ்வொரு வாளிக்கும் கேட்டார். இல்லை என்றேன். உச்சி வெயில் கிணற்றுக்குள் இறங்கிய பிறகு அவர் கேட்கவில்லை. வாளி மட்டும் வெறுமையாகக் கீழே வந்துகொண்டிருந்தது. நான் நிரப்பி அனுப்பினேன்.