அம்புக்குறி மேடம்

விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாத்தனார் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை. அவர் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. பதில் வரும்வரை விடமாட்டார்.

"அமைப்பு மேம்பாட்டுத் தலைவர்னா என்னதான் பண்ணணும்?"

"ஆபீஸ்ல இருக்கறவங்க ஒழுங்கா சேர்ந்து வேலை செய்யறாங்களான்னு பார்க்கணும், அண்ணி."

"செய்யலைன்னா?"

"செய்ய வைக்கணும்."

"எப்படி? அடிப்பியா?"

"அடிக்க விட்டா நல்லாத்தான் இருக்கும்."

கணவன் சிரித்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு டயர் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில். காலை ஷிப்டுக்குப் பெண்கள் பாதிப்பேர் வருவதே இல்லை என்று மேலாளர் குதித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்படி ஷிப்டைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்றாள். தள்ளிவைத்தார்கள். எல்லோரும் வந்தார்கள். அதற்கு யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை, படம் வரையவில்லை, கேக் வெட்டவில்லை. பிறகு ஒரு வங்கியில் பயிற்சித் துறை, மேலே ஒரு பட்டம், அதற்கும் மேலே ஒரு பட்டம் என்று ஏறி, கடைசியில் இந்த நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தாள். எங்கே பூமி குலுங்கினாலும் வெள்ளம் வந்தாலும் மருந்தும் டாக்டர்களும் அனுப்புகிற பெரிய உலக நிறுவனம். வாசலில் வரிசையாகக் கொடிகள். உள்ளே பல மாடிகள்.

மரியாதையோடுதான் வந்தாள். அந்த மரியாதை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று முடிவு செய்ய இன்னொரு குழு போட்டிருந்தார்கள். ஒருவர் காலை ஒருவர் வாரும் மின்னஞ்சல்கள் எல்லாம் 'அன்புடன்' என்றுதான் முடிந்தன. 'நாம் ஒரே குரல்' என்று வரவேற்பறைச் சுவரில் ஆறு மொழிகளில் எழுதியிருந்தது. பக்கத்து மேஜைக்காரனோடு பேச வேண்டுமென்றால்கூட இவர்களுக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டது. எல்லாவற்றையும்விட அவளுக்கு இளக்காரமாகப் பட்டவர் தலைமை இயக்குநர். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை. யார் எதைச் சொன்னாலும் தாடையைத் தடவிக்கொண்டு தலையாட்டுவார். பிறகு, "இது ஒரு பயணம்" என்பார். லிப்ட் நடுவில் நின்றுபோனால்கூட அவருக்கு அது பயணம்தான்.

அந்தப் பயணக்காரர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"கொள்முதலும் மருத்துவமும் எலியும் பூனையுமா இருக்காங்க. நன்கொடை தர்றவங்க வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. இந்த வருஷத்துக்குள்ள அவங்களை நீங்க ஒண்ணா சேர்த்துடணும்."

"நீங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினீங்களா சார்?"

அவர் தாடையைத் தடவினார். "நான் பேசினா அது கட்டளை ஆயிடும். உள்ளேர்ந்து வரணும்."

பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தாள்.

கொள்முதல் பிரிவு நான்காம் மாடி. மருத்துவப் பிரிவு ஐந்தாம் மாடி. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தூரதேசத்துக்குத் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகள் அனுப்பினார்கள். அந்த ஊர்ச் சுவரில் அவற்றின் பிளக் நுழையவில்லை. தடுப்பூசி அத்தனையும் பாழ். எந்தப் பிளக் என்று டாக்டர்கள் சொல்லவில்லை என்றது கீழ்மாடி. கேட்கவில்லை என்றது மேல்மாடி. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் மாடிக்காரர்கள் மாடிப்படிக் கதவுக்கு முன்னால் ஓர் இரும்பு அலமாரியையே நகர்த்தி வைத்துவிட்டார்கள்.

கொள்முதல் தலைவருக்கு அலுவலகத்தில் 'பூட்டு' என்று பெயர். எதைக் கேட்டாலும் முடியாது என்பார். அவளிடமும் அப்படித்தான்.

"மருத்துவப் பிரிவோட ஒரு தடவை உட்கார்ந்து பேசலாமா சார்?"

"முடியாது."

"ஏன்?"

"அவங்க பேசமாட்டாங்க. உபதேசம் பண்ணுவாங்க."

மேல்மாடியின் தலைவரை எல்லோரும் 'பெரிய டாக்டர்' என்பார்கள். இரண்டு போர்களில் கூடாரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்த மனிதர். அதை அவர் யாரையும் மறக்கவிடுவதில்லை.

"கீழ இருக்கறது கடைக்காரங்கம்மா. விலை தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினாள். எங்கோ ஒரு ஊரில் ஒரு குழந்தைக்கு ஊசி போய்ச்சேரவில்லை. இங்கே இரண்டு கிழவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போடுகிறவர்களுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டுதான் சரி என்று முடிவு செய்தாள். டயர் தொழிற்சாலையில் இருந்தவளாக இருந்தால் ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டிருப்பாள். இங்கே அவர்களைக் கேட்கத் தகுந்தவர்களாகவே அவள் நினைக்கவில்லை.

திட்டத்துக்கு 'ஒரே ஓடம்' என்று பெயர் வைத்தாள். காலுறை போடாத இரண்டு இளைஞர்கள் பயிற்சி தர வந்தார்கள். ஓட்டல் கூடத்தில் எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டார்கள். பூட்டையும் பெரிய டாக்டரையும் ஒரே கயிற்றில் பிணைத்து நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வரச் சொன்னார்கள். பெரிய டாக்டரை ஒரு மரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றார். அவள் படம் படமாகப் போட்டுக் காட்டினாள். எல்லாப் படத்திலும் அம்புக்குறிகள். நான்காம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு ஓர் அம்பு, அங்கிருந்து திரும்ப ஓர் அம்பு, நடுவில் ஒரு பெரிய வட்டம்.

அந்த வட்டத்தையும் அவள் விடவில்லை. தினமும் காலையில் இரண்டு பிரிவும் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். அடுத்த மாடிக்காரரைப் பற்றி ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். "மேல்மாடி டாக்டரம்மாவோட செருப்பு நல்லா இருக்கு" என்றார் ஒரு கணக்காளர். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாட்டில் அணை உடைந்து வெள்ளம் வந்தது. அலுவலகமே அலறிக்கொண்டிருந்தது. வட்டத்தை இந்த வாரம் விட்டுவிடலாமா என்று இரண்டு மாடியிலிருந்தும் ஆள் வந்து கேட்டார்கள்.

"இந்த மாதிரி நேரத்துலதான் வட்டம் ரொம்ப முக்கியம்" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காகவே இன்னும் விறைப்பாக நின்றாள்.

இரண்டு நாள் கழித்து லிப்ட் வேலை செய்யவில்லை. ஏழாம் மாடியிலிருந்து படியில் இறங்கினாள். ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது கீழே பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நான்காம் மாடிக் கதவு அகலத் திறந்திருந்தது. அலமாரியைக் காணோம். படியில் பூட்டும் பெரிய டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காகிதக் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அம்புக்குறி மேடம் நேத்து என்னைப் பார்த்து, 'உங்களுக்குள்ள இருக்கற குழந்தையைக் கூப்பிடுங்க'ங்குது" என்றார் பெரிய டாக்டர்.

"என்கிட்ட சொல்லியிருந்தா, வர்ற கோபத்துக்கு எங்க தாத்தாவையே கூப்பிட்டிருப்பேன்" என்றார் பூட்டு.

இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். பூட்டு சிரித்து அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"சரி, சலைன் எவ்வளவு வேணும்? மேலேர்ந்து எழுதி வந்து நான் பார்க்கறதுக்குள்ள வெள்ளமே வடிஞ்சுடும். இப்பவே சொல்லுங்க" என்றார் பூட்டு.

"இருபதாயிரம் பை. அப்புறம் குளிர்பெட்டி..."

"பிளக் எது?"

பெரிய டாக்டர் குவளையைப் படியில் வைத்தார்.

"மூணு கால். தட்டை" என்றார் பெரிய டாக்டர்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேட்டிருக்கலாம்."

"விடுங்க. அந்த அம்மாவுக்கு நாம ரெண்டு பேரும் எவ்வளவோ தேவலாம்."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் மேலே ஏறினாள். முகம் திகுதிகுவென்று எரிந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் உறைத்தது. எதற்காக அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்களோ, அது படியில் நடந்துகொண்டிருந்தது.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் ஒரு கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டே கேட்டான்.

"உன்னைத் திட்டறதுக்காகவா சேர்ந்தாங்க?"

"ஆமாங்க."

"அப்போ வேலை முடிஞ்சுதே!" கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "அந்தப் பேர் வச்சதுதான் வலிக்குதா?"

"இல்லீங்க. நான் அவங்களை எவ்வளவு மட்டமா நினைச்சேன்னு அவங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை."

அவன் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் பூட்டும் பெரிய டாக்டரும் சேர்ந்தே அவள் அறைக்கு வந்தார்கள். வட்டத்தை நிறுத்த வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். பேச வேண்டியதை முன்கூட்டியே பங்கு பிரித்துக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அந்த அலுவலகத்தில் அவள் ஒருவரைப் பார்த்து உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தயங்காமல் சொன்னார்கள். அவசர காலத்துக்கு இரண்டு பிரிவுக்கும் பொதுவாக ஒரு மேஜை. அங்கே எடுக்கிற முடிவுக்கு மேலே யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

"அந்த மேஜை எங்க இருக்கும்?"

"நாலாவது மாடியில" என்றார் பூட்டு.

"அஞ்சாவது மாடியில" என்றார் பெரிய டாக்டர்.

"நாளைக்கும் வட்டத்துல பார்க்கலாம்" என்று எழுந்தாள்.

"நாலாவதுலயே இருக்கட்டும்" என்றார் பெரிய டாக்டர் அவசரமாக.

அன்று மாலையே 'ஒரே ஓடம்' மூழ்கியது. சலைன் இரண்டே நாளில் விமானம் ஏறியது. குளிர்பெட்டிகள் போன இடத்தில் பிளக் பொருந்தி ஓடின.

தலைமை இயக்குநர் பூரித்துப்போனார். எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் இந்தத் திட்டத்தைக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"சார், அவங்க சேர்ந்தது என்னைத் திட்டறதுக்கு."

அவர் தாடையைத் தடவினார். "அறிக்கையில அந்த வார்த்தை வேண்டாம். 'பகிர்ந்துகொண்ட உணர்வு'ன்னு போடுங்க."

பகிர்ந்துகொண்ட உணர்வு என்றே போட்டாள். அன்றோடு, கடைசியாகத் தன்மேல் மிச்சமிருந்த மரியாதையும் போனது. வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்கடன் பாக்கி இருந்தது. விடவில்லை.

அவளை அனுப்பிய முதல் நாட்டில் நல்லவளாக நடந்துகொண்டாள். எல்லோரும் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, எல்லோரையும் பாராட்டினாள். அவர்களும் அவளைப் பாராட்டினார்கள். சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு துரும்பும் அசையவில்லை. திரும்பி வந்ததும் தலைமை இயக்குநர் முன்பு சொன்ன அதே வார்த்தைகளில் வாழ்த்தினார். பலித்ததற்கும் பலிக்காததற்கும் அந்த மனிதரிடம் ஒரே வாழ்த்துதான் இருந்தது.

அடுத்த நாட்டின் அலுவலகம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டே அறைகள். கணக்குப் பார்க்கும் பெண், கிடங்குக்காரர், இரண்டு நர்சுகள். முதல் நாளே அவர்களை உட்கார வைத்துக் கேட்டாள்.

"உங்க எல்லாருக்கும் பொதுவா எரிச்சல் மூட்டற விஷயம் எது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொன்னா வேலை போகுமா?" என்றாள் கணக்குக்காரி.

"போகாது."

"காலையில கம்ப்யூட்டரைப் போட்டதும் அஞ்சு மூஞ்சி வருது. சிரிக்கிற மூஞ்சி, அழற மூஞ்சி. இன்னிக்கு உங்க மனசு எப்படின்னு கேட்குது. ஒரு மூஞ்சியைத் தொட்டாத்தான் உள்ளே விடும். இங்க இன்டர்நெட் இருக்கற லட்சணத்துல அந்த மூஞ்சி வர்றதுக்கே அரைமணி நேரம் ஆகுது. வாசல்ல நோயாளிங்க நிக்கறாங்க. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ!"

அவள் மேஜையைப் பார்த்தாள். "நான்தான்" என்றாள்.

கிடங்குக்காரர் இருமினார்.

அங்கிருந்தே தலைமை அலுவலகத்துக் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"அதை நிறுத்தணும்னா குழு ஒப்புதல் வேணும் மேடம்" என்றான் மறுமுனையில் இருந்தவன்.

"எந்தக் குழு?"

"பணியாளர் மனநலக் குழு."

"தலைவர் யாரு?"

"நீங்கதான் மேடம்."

"அப்போ தலைவர்தான் பேசறேன். நிறுத்து."

"கூட்டம் போடாம எப்படி மேடம்..."

"இதோ கூட்டம் நடக்குது. நான் ஒருத்தி வந்திருக்கேன். தீர்மானம் நிறைவேறிடுச்சு. நிறுத்துப்பா."

அவன் நிறுத்தினான். மறுநாள் காலை கணக்குக்காரி வந்து கணினியைப் போட்டாள். அது நேராகத் திறந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மருந்துக் கணக்கைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். நர்சுகள் வாசலில் முதல் நோயாளியைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.