காஸ்தான், வேறொன்றுமில்லை

எங்கள் குடும்பத்தில் நெஞ்சுக்குக் கீழே எது வலித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: காஸ். மாரடைப்பே வந்தாலும் ஒரு இஞ்சிப் பிளேன்டீ குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிப்போம். அப்பாவும் அப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் அவரைத் தெரியாத பார்மசி இல்லை. ஏப்பம் விட்டு, மாத்திரை சப்பி, மெலிந்துகொண்டே போனார். கடைசியில் பரிசோதித்தபோது வயிற்றுப் புற்றுநோய் முற்றிப்போயிருந்தது.

செத்த வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மைக்ரோவேவ் என்றார் மாமா. கண்ணூறு என்றார் சித்தி. கொத்துரொட்டிதான் காரணம் என்று அடித்துச் சொன்னார் மேல்மாடிக்காரர். அப்பா வாழ்நாளில் கொத்துரொட்டியைத் தொட்டதில்லை. எல்லோரையும் லிஃப்டில் ஏற்றி இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிடலாமா என்று எனக்கு இருந்தது.

போன வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து அண்ணி ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, கொண்ணர் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டிருக்கிறார். ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிடுதாம்."

கொண்ணர் என்றால் என் அண்ணா; அறுபதைத் தாண்டியவர். துறைமுகத்தில் சரக்குக் கிளியரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகத்துவாரத்துக் கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. சோறு இறங்கியதும் சிகரெட் வேண்டும். ஃபோனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"காஸ்தான், வேறொண்டுமில்லை" என்றார்.

அப்பாவும் இதே சொற்களைத்தான் சொன்னார். அன்றைக்கே திட்டித் தீர்த்து ஒரு டொக்டரிடம் நேரம் எடுத்தேன்.

டொக்டர் இளம்பெண். அண்ணாவின் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கட நாட்டில வயித்துக் கான்சர் அவ்வளவு கூட இல்லை. ஜப்பான், கொரியா பக்கந்தான் நிறைய. ஆனா உங்களுக்கு வயசு இருக்கு, ஆம்பிளை, சிகரெட் இருக்கு, உப்புக் கருவாடு இருக்கு, அப்பாவுக்கும் வந்திருக்கு. எல்லாத்தையும் சேத்துப் பாக்கவேணும்."

"வேலைக்கு அப்ளை பண்ணேக்க இவ்வளவு தகுதி எனக்கு இருக்கேல்லை" என்றார் அண்ணா. சிரித்தது அவர் மட்டும்தான்.

வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. முதல்நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் எடுக்காமல் வெறும் வயிறாக வரச் சொன்னார்கள். இதைப் போய் எங்கள் ஆட்களிடம் சொன்னார்களே! கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிற வீடு அது. வெறும் வயிறு என்றால் எப்படியென்று அண்ணிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

காலையில் தாதி அண்ணாவிடம் சிங்களத்தில், ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். "நே, மிஸ்", இல்லை என்று தலையை நிமிர்த்திச் சொன்னார் அண்ணா. உள்ளே போனார். நாங்கள் வெளியே உட்கார்ந்தோம். கதிரை சூடாகவில்லை, டொக்டர் வந்துவிட்டார்.

"வயித்துக்குள்ள ஒண்டும் தெரியேல்லை. முழுக்க வாழைப்பழம்."

அண்ணி துளியும் தடுமாறவில்லை. "ஓம் டொக்டர், பாலும் பழமும் குடுத்தனான். விரதத்துக்கு அது எடுக்கலாந்தானே?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோறு தொடாதவரைக்கும் முருகனுக்குச் சம்மதம். கமராவுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த மாதிரி ஒரு வாரம் யாருக்கும் வரக்கூடாது. அண்ணா திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டார். சிகரெட்டை விட்டார். கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். ஒருநாள் எனக்கு ஃபோன் எடுத்து, "அப்பாக்குத் தனக்கு என்னெண்டு தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியும். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். சண்டை பிடிக்க இருக்கிற ஒரே அண்ணா, அவரும் போனால் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

இரண்டாம் தடவை வயிறு உண்மையாகவே வெறுமையாக இருந்தது. புண் இருந்தது. சதையில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது கான்சர் இல்லை. ஒரு கிருமி.

"சின்ன வயசிலேயே வீட்டுக்குள்ள ஆளுக்காள் தொத்தும்" என்றார் டொக்டர். "கனபேருக்கு இருக்கும், முக்கால்வாசிப் பேருக்கு ஒண்டும் செய்யாது. ஆனா வருஷக்கணக்கா விட்டா கான்சருக்கு வழி வைக்கக்கூடியது. மருந்து தந்து துரத்தலாம். அப்பாக்கு வேற பிள்ளையள் இருக்கினமோ?"

அண்ணாவும் அண்ணியும் ஒரேயடியாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றேன். "இடைக்கிடை காஸ்தான்."

சொல்லி முடிக்கும்போதே என் வாயை எனக்கே பிடிக்கவில்லை. அண்ணா என் கைப்பையைத் திறந்தார். காஸ் மாத்திரை அட்டை, பாதி முடிந்தது, மேலேயே கிடந்தது. அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கமரா விடுகிற நாள் விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம். கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் அண்ணா வந்திருந்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. நேரே குசினிக்குப் போய், அடுப்படி மேசையில் இருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

"இதில ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?"

"இல்லை, அண்ணா."

"தேத்தண்ணி?"

"அதுவும் இல்லை. பயமா இருக்கு, அண்ணா."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது" என்றார். "அதுதான் அண்டைக்கு வேணுமெண்டே ரெண்டு பழம் கூடச் சாப்பிட்டனான்."