பாதி வரும்

"காஜா மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் வந்துடுங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, இன்னும் கத்திரியே படாத அந்தத் துணியின் மேல் அவசரமாக வேறொரு துணியை இழுத்துப் போடுகிறது கை. வந்தவரும் சரியென்று போகிறார். இது பொய் என்று அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பொத்தான் துளை போட இத்தனை நாள் பிடிக்கிற தையல் கடை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. அதனால்தான் தெருவே அவளைக் காஜாக்கா என்கிறது.

ஆட்களைப் பெயர் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "அந்த நாப்பது இடுப்பு போறாரு பாரு, நடையே சரியில்ல, சண்டை போட்டுட்டு வர்றாரு" என்பாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வங்கிக்கும் போய்வருவாள். தைத்தது பத்தவில்லை என்றால் மட்டும் பேச்சே கிடையாது, கூலியோடு துணியின் விலையையும் எடுத்து நீட்டிவிடுவாள். கணவர் போன பிறகு ஒரே மகளை அந்தத் தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்தே படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, கடல் தாண்டி அனுப்பியவள்.

அந்த மகள் உண்டானாள். பிரசவத்துக்கு அம்மா வரவேண்டும் என்று மாப்பிள்ளையே கட்டணம் கட்டி விண்ணப்பம் போட்டார். அவ்வளவுதான், காஜாக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. விசா கைக்கு வருமுன்பே வாடிக்கையாளர்களின் அளவுச் சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி எதிர்க்கடைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டாள். "இனிமே இவங்களை நீங்கதான் பார்த்துக்கணும் தம்பி. நான் வர மாசக்கணக்காகும்" என்று பெருமையாக வேறு சொன்னாள். பாவி மனுஷி, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா!

விசா கிடைக்கவில்லை. போனால் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை விசா கொடுக்கிறவர்களுக்கு இல்லையாம். "ஏம்மா, எனக்கென்ன ஓடிப்போற வயசா?" என்று மகளிடம் தொலைபேசியில் சிரித்தாள். வைத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆயுசுக்கும் அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவளை, வீடு புகுந்து திருட வருகிறவளைப் போல வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று அவமானமாக இருந்தது.

அடுத்த கேள்வியை மாப்பிள்ளையிடம்தான் கேட்டாள். "நீங்க கட்டின பணம்?"

"அது விண்ணப்பத்தைப் பார்க்கிறதுக்கு வாங்குற காசு அத்தை. பார்த்துட்டாங்க. கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் திரும்ப வராது. விடுங்க, பரவாயில்ல."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பரவாயில்லதான் அவளைக் குத்தியது.

தெருவில் எல்லோரும் நாகரிகம் தெரிந்தவர்கள். உன்னை ஏன் வேண்டாமென்றார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, "கட்டின காசாவது திரும்ப வருமா?" என்று விசாரித்தார்கள். முதலில் கேட்டவர் எதிர்க்கடைத் தையல்காரர், மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற கூச்சத்தில் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காலமெல்லாம் காஜா பாக்கி என்று சொல்லிப் பழகிய நாக்கு, தானாகவே சொல்லிற்று: "பாதி வரும்."

அவர் முகம் தெளிந்தது. "அப்பாடா, பாதியாவது வருதே!" அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது. பிறகென்ன, கேட்டவர்களுக்கெல்லாம் பாதி வந்தது. பாலுக்குப் போன இடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் பாதி வந்தது. சில நாளில் அவளைக் கேட்காமலேயே தெரு பேச ஆரம்பித்துவிட்டது: "கிடைக்கலைன்னா பாதியைக் குடுத்துடுவாங்களாம், நல்ல சட்டம்."

இரண்டு கடை தள்ளி இஸ்திரி போடும் அம்மாள் ஒரு மதியம் கைக்குட்டை முடிச்சோடு உள்ளே வந்தாள். எதிர்க்கடைக்காரர் நூல்கண்டு கடன் கேட்டு அங்கேதான் நின்றிருந்தார். முடிச்சுக்குள் அவளுடைய ஒரே சங்கிலி.

"அடகுக்குப் போறேண்டி தங்கச்சி. வெளிநாட்டுல இருக்கிற பையனைப் பார்த்து வருஷக்கணக்காச்சு. நானும் விசாவுக்குப் போட்டுப் பார்க்கிறேன்."

"இருக்கட்டும்க்கா, யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. கிடைச்சா என் அதிர்ஷ்டம். கிடைக்கலைன்னாலும் பாதி வரும்ல, அதை வெச்சு எப்படியாச்சும் சங்கிலியை மீட்டுடுவேன். நீ சொன்ன தைரியத்துலதாண்டி கிளம்பிட்டேன்."

காஜாக்காவின் கால் மிதியில் அப்படியே நின்றது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, அப்புறமாகத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். எதிர்க்கடைக்காரர் போய்த் தொலைய மாட்டாரா என்று பார்த்தாள். மனிதர் நகருவதாக இல்லை. இஸ்திரியம்மாள் வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

"அக்கா, வராது."

"என்னது வராது?"

"பணம். ஒத்தப் பைசா வராது. பாதியும் கிடையாது, கால்வாசியும் கிடையாது. நான் சொன்னது பொய்."

எதிர்க்கடைக்காரர் நூல்கண்டை ஆராய ஆரம்பித்தார்.

"எதுக்குடி பொய் சொன்னே?"

"வெக்கமா இருந்துச்சுக்கா. வேணாம்னு தள்ளிட்டாங்கன்னு சொல்றதே கேவலமா இருந்துச்சு. மாப்பிள்ளை காசையும் தண்டம் பண்ணிட்டேன்னு சொல்ல வாய் வரல. என்னைத் திட்டுக்கா. ஆனா இதை நம்பி அடகுக்குப் போகாதே."

இஸ்திரியம்மாள் திட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப என்னால முடியாதுடி. மொத்தமா போச்சுன்னா நான் எங்க போவேன்? போன்லயே பார்த்துக்க வேண்டியதுதான் அவனை" என்றாள்.

சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். சூடுபட்டுத் தடித்துப்போன விரல்களுக்குப் பிடரியில் கொக்கி அகப்படவில்லை. ஒரு முறை தவறியது. மறுபடியும் தவறியது. காஜாக்கா எழுந்து அவள் பின்னால் போனாள். கொக்கியை மாட்டினாள், நிற்கிறதா என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள். மாட்டியாகிவிட்டது. ஆனாலும் முன்னால் வரவில்லை. இஸ்திரியம்மாளின் தோளில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டே பின்னால் நின்றாள்.