புயலில் நின்ற முள்

"ரிப்பேருங்க. முள்ளு எப்பவும் புயல்லயேதான் நிக்குது," என்றார் ஊட்டிப் பழம்பொருள் கடைக்காரர். ரிப்பேரில்லை என்று எனக்குத் தெரியும். பாக்கெட் கடிகாரம் போலிருந்த, காற்றழுத்தம் காட்டும் அந்தப் பித்தளை பாரோமீட்டரை உள்ளங்கையில் வாங்கியதுமே, பாலிஷ் வாசனையோடு நான் வளர்ந்த அரவேணு வீடு நினைவில் வந்துவிட்டது.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர்; இலை தூளாகும் பக்குவம் பார்ப்பவர். எப்போதோ சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன இதே மாதிரி ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்மூடியைத் திறந்து துடைப்பார். உள்ளே, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய, வளையம் வளையமாக மடிப்பு விழுந்த சின்ன உலோக டப்பா, அதிலிருந்து முள்ளுக்குப் போகும், தலைமுடி கனமே உள்ள சங்கிலி, அதன் கண்ணிகளை லண்டனில் யாரோ கையால் கோத்திருந்த பொறுமை. கடல்மட்டத்துக்கென்று செய்தது; காற்று லேசான எங்கள் மலையில், வெயில் பளீரென்று அடிக்கும் நாளிலும் அந்த நீல முள் 'புயல்' என்ற எழுத்துக்கும் கீழேயே படுத்துக்கிடக்கும்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரி மூடி, திருப்பூருக்குப் பிழைக்க நாங்கள் பஸ் ஏறிய அன்று, பறிக்க ஆளில்லாமல் மரமாக வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகளையே அம்மா பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாவோ மலை இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் பாரோமீட்டர் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஏறுது பாரு கண்ணு! புயலைத் தாண்டிருச்சு!"

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"நாம எறங்க எறங்க அது ஏறுதுங்களா?"

அப்பா அதை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.